கேப்டன் இல்லாத கப்பலிலிருந்து

பதினேழாவது பயணத்தின் வாசலில் நிற்கும் நம் கப்பலின் கேப்டனும், என் மனைவியும், மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவளுமான உனக்கு, மெக்கானிக் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். கப்பல் சுகம். சமையலறைச் சுவர் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே உன் சுகத்தையும் உன் அக்காவின் இடுப்பெலும்பின் சுகத்தையும் அறிய ஆசைப்படுகிறேன்.

முதலில் உட்கார்ந்துகொள். கையில் டீ இருந்தால் கீழே வை. இந்தக் கடிதத்தை எழுதுவது நானேதான். பக்கத்து வீட்டு ஹெட்கிளார்க் இல்லை, வாட்ச்மேன் இல்லை. என் கை, என் பேனா. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வருகிறது. முப்பத்தொரு வருஷம் லிப்டில் நேராக மேலே போய் நேராகக் கீழே வந்து பழகிய கை இது. நம் எழுத்திலோ திரும்பின பக்கமெல்லாம் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கி நின்றுதான் போகிறேன். ஆனால் கேப்டன், ஒரு வரியை எழுதி முடித்து அதை நானே திரும்பப் படிக்கும்போது, நான் சொன்னதை நானே கேட்கிற மாதிரி இருக்கிறது. இந்தச் சந்தோஷத்தை இத்தனை வருஷம் எனக்குச் சொல்லாமல் எல்லாரும் தனியாக வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ போனில் கேட்டாய். “அக்கா இன்னும் ஒரு வருஷம் கூடவே இருங்கறா. நடக்க ஆரம்பிச்சாலும் தனியா இருக்கப் பயமா இருக்காம். நீங்க என்ன சொல்றீங்க? வேணாம்னா வந்துடறேன்.” நான், “பதிலை எழுதி அனுப்பறேன்” என்றேன். “யாரு, நீங்களா?” என்று சிரித்தாய். “ஹெட்கிளார்க்கை விட்டு எழுதச் சொல்லுங்க. அவர் பதிலை எழுதிடப் போறாரு, உங்க பதிலை எழுதச் சொல்லுங்க” என்றாய்.

இதோ என் பதில். இரு. ஒரு வருஷம் இரு. முழு மனதோடு சொல்கிறேன். தாய் தகப்பன் போன பிறகு உன்னை வளர்த்துப் படிக்க வைத்தவள் உன் அக்கா. அவளுக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் அங்கே வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை; பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை, காரணம் உனக்கே தெரியும். லிப்டில் எட்டுப் பேர்தான் ஏறலாம். அன்றைக்கு எட்டுப் பேர் நின்றார்கள். உன் அக்கா ஒன்பதாவதாக வந்தாள். சொந்தக்காரி என்பதற்காகக் கயிற்றின் பலம் கூடிவிடுமா? ஒன்பது மாடி படியேறிப் போனவள், அன்றிலிருந்து என்னை “அந்த லிப்ட்காரர்” என்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் “கையெழுத்துப் போடத் தெரியாத ஆளா கெடச்சான் உனக்கு” என்று கேட்டவளும் அவள்தான். இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் அவளிடம் காட்டு. மற்றதைக் காட்டாதே.

பதில் முடிந்துவிட்டது. இத்தோடு ஒட்டி அனுப்பிவிடலாம். ஆனால் தாள் நிறைய மிச்சம் இருக்கிறது. எழுதக் கற்றுக்கொண்டவன் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா?

வீட்டு நிலவரம் சொல்கிறேன். உன் அக்கா எப்படியும் உன் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பாள். கேட்டால் கண்ணாடி போடவில்லை என்பாள். அவளுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். நம் பையன் கடல் தாண்டி வேலைக்குப் போகும்போது பெட்டியில் இடமில்லை என்று விட்டுப்போன விளையாட்டு சாப்பாட்டு மேஜையில் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. கறுப்பு வானம் வரைந்த பலகை, மரக்காய்கள், பகடை, இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். அம்மா படிக்க வேண்டும் என்று அத்தனை சீட்டின் மேலும் நம் மொழியில் துண்டு அச்சடித்து ஒட்டிவிட்டுப் போனவன் அவன். மொத்தம் இருபது பயணம். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததின் உறையைப் பிரிக்கலாம். மஞ்சள் காய் கேப்டன், அது நீ. சாம்பல் காய் மெக்கானிக், அது நான். டாக்டர் என்று ஒரு சிவப்புக் காய் உண்டு. மூன்றாவது ஆள் சேர்ந்தால் வைத்துக்கொள்ளலாம். அது பாலிதீன் பையைக் கூடப் பிரிக்காமல் கிடக்கிறது. “அது எங்க அக்காவுக்கு. கிரகத்தையே நேரா நில்லுன்னு சொல்லுவா” என்று நீ சொல்லி, சிரித்துச் சிரித்து அன்றைக்கு முழுக்க நம்மால் ஆட முடியாமல் போனது ஞாபகம் இருக்கிறதா?

தினமும் நாலு மணிக்கு டீயோடு உட்காருவோம். நீ சீட்டைப் படிப்பாய், நான் பகடையை உருட்டுவேன். பதினாலு வரை எண்கள் எனக்கு லிப்டிலேயே தெரியும், அதனால் பகடை எனக்குப் பயமில்லை. இப்படியே மூன்று வருஷத்தில் பதினாறு பயணம் போய்விட்டோம். அப்புறம் ஒரு காலையில் போன் வந்தது, உன் அக்கா குளியலறையில் விழுந்துவிட்டாள் என்று. ஆறு வாரம் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “பதினேழாவது கவரை நான் வர்ற வரைக்கும் பிரிக்கக் கூடாது” என்றாய். பிரிக்கவில்லை. ஐந்து மாசமும் பதினொரு நாளும் ஆகிறது. மேஜையின் ஒரு பாதியில் நான் சாப்பிடுகிறேன், மறு பாதியில் வானம் இருக்கிறது. வானத்தில் தூசி படிந்தால் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். காய்களை நகர்த்தாமல் தூசி தட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

நீ போன மூன்றாவது வாரம் ஹெட்கிளார்க் வந்தார். “தனியா உக்காந்து என்ன சார் பண்றீங்க? நான் படிக்கறேன், வாங்க ஒரு ஆட்டம் போடலாம்” என்றார். புதுப் பயணம் கூடாது என்பதால் முடித்துவிட்ட பன்னிரண்டாவதையே திரும்ப ஆடலாம் என்று ஒத்துக்கொண்டேன். உன் நாற்காலியில் உட்காரப் போனார். அது ஆடுகிற நாற்காலி என்று பொய் சொல்லி ஸ்டூலைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் சீட்டை எடுத்தார்.

“தொடர்பு அறுந்தது. ஒரு சுற்று முடியும் வரை இருவரும் பேசக் கூடாது.”

“சரியாப் படிங்க” என்றேன்.

“சரியாத்தான் படிச்சேன்.”

“மெக்கானிக் மட்டும் ஒரு மணி நேரம் பேசக் கூடாது. அதுதான் அந்தச் சீட்டு. எனக்கு மனப்பாடம்.”

“மணியும் இல்ல, நேரமும் இல்ல. இருவரும்னுதான் போட்டிருக்கு.”

“கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க.”

துடைத்தார். மறுபடி அதையே படித்தார். சரி, போகட்டும் என்று அடுத்த சீட்டைக் கொடுத்தேன். விண்கல் மோதியது, கப்பலில் ஒரு சேதக் கட்டை வைக்கவும் என்றார். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். “மெக்கானிக் கப்பலை மூணு தரம் சுத்தி வந்து எங்கயாவது ஓட்டை விழுந்திருக்கான்னு பாக்கணும். அது எங்க?” என்று கேட்டேன். “அப்படி ஒண்ணும் இல்லையே சார்.” “அதைத்தான் உங்களைப் படிக்கச் சொல்றேன்.” அவர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். “முப்பது வருஷம் ஆபீஸ்ல என்னதான் படிச்சீங்க?” என்று கேட்டுவிட்டேன். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை கேப்டன், பரிதாபம்தான். படிக்கத் தெரியாததை மறைத்துக்கொண்டு ஒரு ஆபீஸில் முப்பது வருஷம் தள்ளுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியாதா? வாட்ச்மேனிடம் ரகசியமாகச் சொன்னேன், பாவம், அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. கீழ்வீட்டுக்காரர்களிடமும் சொன்னேன். நூலகத்தில் பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவருக்காகவே விசாரிக்கப் போனேன். நூலகத்தம்மா, “யாருக்குங்க?” என்றார். “நண்பர் ஒருத்தருக்கு, வெளியில சொல்ல வெக்கப்படறாரு” என்றேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, ரொம்ப அன்பாக, “பரவாயில்லைங்க, உங்க நண்பர் செவ்வாய்க்கிழமை வரட்டும், நீங்களும் கூட வாங்க” என்றார். நான் ஹெட்கிளார்க் வீட்டுக் கதவைத் தட்டி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். சரி, நான் மட்டும் போனேன். இப்படித்தான் நான் படிக்கக் கற்றுக்கொண்டது.

வகுப்பில் நாலு பேர். அதில் ஒருவர் போர்டு எழுதுகிற பெயின்டர். இருபது வருஷமாக எழுத்தைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி வரைந்திருக்கிறார், என்னென்ன எழுதினோம் என்று இப்போதுதான் தெருத்தெருவாகப் போய்ப் படித்துவிட்டு வருகிறார். நூலகத்தம்மா மரம், படம் என்று ஆரம்பித்தார். நான் சட்டைப்பையிலிருந்து நம் சீட்டு ஒன்றை எடுத்து, “இதை முதல்ல சொல்லிக் குடுங்க” என்றேன். “ஐயா, இது பிராணவாயு. இது நாலாவது மாசப் பாடம்” என்றார். “எனக்கு அவ்வளவு நாளைக்குக் காத்து இல்லைங்க” என்றேன். அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார். என் வாழ்க்கையில் நான் முதல் முதலாக எழுதின வார்த்தை பிராணவாயு. மரம் அப்புறம்தான் வந்தது.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பஸ் போர்டு, சோப்பு உறை, மாத்திரை அட்டை, கதவில் “தள்ளு” என்று போட்டிருப்பது எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். ஒரு நாள் பஸ் ஏறி என் பழைய ஆபீஸ் கட்டடத்துக்கே போனேன். லிப்ட் இப்போது தானாக ஓடுகிறது, என் ஸ்டூலைக் காணோம். ஆனால் பொத்தான்களுக்கு மேலே இருந்த பித்தளைத் தகடு அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் நான் எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த தகடு. முப்பத்தொரு வருஷம் துடைத்ததை அன்றைக்கு எழுத்துக் கூட்டிப் படித்தேன். “லிப்ட் இயக்குபவரிடம் பேசாதீர்கள்” என்று போட்டிருந்தது.

கேப்டன், அந்தக் கட்டடத்து ஆட்கள் திமிர் பிடித்தவர்கள் என்று முப்பத்தொரு வருஷமாக உன்னிடம் திட்டிக்கொண்டிருந்தேனே. பாவம், அவர்கள் சொன்னபடி நடந்திருக்கிறார்கள். நானே துடைத்துத் துடைத்துக் காட்டியிருக்கிறேன். அப்படியே ஒன்பதாவது மாடி வரை போய்க் கீழே வந்தேன். வரும்போதுதான் வேறொன்று உறைத்தது. கீழே மருந்துக்கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த நீ, மருந்துப் பொட்டலத்தோடு முதல் நாள் லிப்டில் ஏறியதும், தகட்டை நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்து, “பதினாலாவது மாடிக்கு மேல என்ன இருக்கு?” என்றாய். “தண்ணித் தொட்டி” என்றேன். “அதுக்கு மேல?” என்றாய். “அதுக்கு மேல லிப்ட் போகாதுங்க” என்றேன். நீ படித்தவள். தகட்டைப் படித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறாய். அப்போதே இதுதான் உன் வழக்கம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நாம் ஆடி முடித்த பயணங்களின் சீட்டுகளை முதலிலிருந்து எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்று படிக்க ஒரு டீ ஆறிப்போகும். எட்டு நாள் ஆயிற்று. கேப்டன், ஹெட்கிளார்க்குக்குப் படிக்கத் தெரிந்திருக்கிறது.

தொடர்பு அறுந்தால் இரண்டு பேரும்தான் பேசக் கூடாது. என்னை மட்டும் ஒரு மணி நேரம் வாயை மூடச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் நீ போனில் உன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாய். “சரக்கு அறை கலைந்தது, மெக்கானிக் கொடியில் காயும் துணியை எடுத்து மடிக்கவும்” என்று எந்தச் சீட்டிலும் இல்லை. “எரிபொருள் ஒன்று குறைகிறது” என்றுதான் இருக்கிறது. நான் மூன்று வருஷம் மடித்த துணிக்கு அளவே இல்லை. போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடிக்கக் கற்றுக்கொண்டதே கப்பலைக் காப்பாற்றத்தான். இரவு மாத்திரையை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினால்தான் பிராணவாயு நிரம்பும் என்றாய். அப்படி இல்லை, பிராணவாயு ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். விண்கல் மோதியதும் நான் கட்டடத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தேன், சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. வாட்ச்மேன் “என்ன சார் தேடறீங்க?” என்பார். “ஓட்டை” என்பேன். அவரும் கொஞ்ச நாள் கூடவே நடந்து தேடினார். இந்த விண்கல்லெல்லாம் பன்னிரண்டாவது பயணத்தில்தான் தினமும் விழ ஆரம்பித்தது. எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதற்குப் பிறகுதான். நடங்கள் என்று நீ சொல்லியிருந்தால் நான் நடந்திருக்க மாட்டேன். உனக்கு அது தெரிந்திருக்கிறது.

இனிமேல் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இடத்தில் இரண்டு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பதினோராவது பயணம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம். நான் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு சீட்டை எடுத்துப் படிக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். “என்ன, பெரிய சீட்டா?” என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். அப்புறம் படித்தாய். “மெக்கானிக் அசதியாகத் தூங்குகிறார். அவர் எழுந்திருக்கும் வரை கேப்டன் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும்.” நல்ல சீட்டு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அசதியாக இருந்தது, நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். கண்ணைத் திறந்தபோது வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது. நீ அதே நாற்காலியில், அதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். டீ இரண்டும் குடிக்காமல் ஏடு கட்டியிருந்தது. “எழுந்துட்டீங்களா? உங்க ஆட்டம்” என்றாய்.

அந்தச் சீட்டில் இருப்பது இது. பார்த்து அப்படியே எழுதுகிறேன். “மெக்கானிக்கின் கயிறு அறுந்தது. அவர் காயை எடுத்துப் பெட்டியில் போடவும். கேப்டன் தனியாகப் பயணத்தைத் தொடர்வார்.”

ஆக, நான் பதினோராவது பயணத்திலேயே செத்துப்போயிருக்கிறேன். எனக்குச் சொல்லவே இல்லை. அதற்கப்புறம் ஐந்து பயணம் ஒரு செத்த ஆளை வைத்துக்கொண்டு துணி மடிக்கச் சொல்லியிருக்கிறாய்.

முதலில் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன், தனியாக, சத்தமாக. அப்புறம் என் சாம்பல் காயை எடுத்துப் பார்த்தேன். பலகையில் உன் மஞ்சள் காய்க்குப் பக்கத்தில், நீ வைத்துவிட்டுப் போன கட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அப்புறம் பிரித்திருந்த சீட்டு அத்தனையையும் இன்னொரு தரம் படித்தேன். கேப்டன் போய்விட்டால் மெக்கானிக் தனியாக எப்படித் தொடர வேண்டும் என்று ஏதாவது ஒரு சீட்டில் சொல்லியிருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒன்றிலும் இல்லை. பழக்கதோஷத்தில் நாலு மணிக்கு இரண்டு டீ போடுகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதவில்லை. உறை பிரிக்காத நாலு பயணத்தில் இருக்கிறதோ என்னவோ.

துக்கத்தை விடு, சுவருக்கு வருகிறேன். நீ போன பிறகும் நான் தினமும் மூன்று சுற்று போகிறேன். விண்கல் பொய் என்று தெரிந்த பிறகும் கால் நிற்கவில்லை. போன மாதக் கடைசியில், பின்பக்கச் சுவரில் நம் மாடிக்கு நேராக, நிஜமாகவே ஈரம் கசிவதைப் பார்த்தேன். பன்னிரண்டாவது பயணத்திலிருந்து தேடின ஓட்டை கடைசியில் கிடைத்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன், அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிளம்பர் வந்தார். குழாய் சுவருக்குள்ளே உடைந்திருக்கிறது என்று நம் சமையலறைச் சுவரில் உளியை வைத்தார். குழாயைத் தேடிக்கொண்டே போனவர் சுவரின் அந்தப் பக்கமாக வெளியே வந்துவிட்டார். அந்தப் பக்கம் ஹெட்கிளார்க்கின் சமையலறை. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. சாமான் வாங்கி வருகிறேன் என்று போன பிளம்பர் இதுவரை வரவில்லை. நான் பாத்திரம் கழுவும்போது ஹெட்கிளார்க் எதிரே நின்று பாத்திரம் கழுவுவார். இரண்டு பேரும் மூன்று நாள் அப்படியே பேசாமல் கழுவினோம். தொடர்பு அறுந்தது சீட்டு இப்போதுதான் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது நாள் நான்தான் ஓட்டைக்குள் தலையை விட்டு, “சார், உங்களுக்குப் படிக்கத் தெரியும். நான் சொன்னது தப்பு” என்றேன்.

அவர் குழாயை மூடினார். “நாலு மாசமா இந்தக் கட்டடமே எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுது, தெரியுமா? வாட்ச்மேன் நோட்டீஸ் போர்டை விரல் வெச்சு மெதுவா படிச்சுக் காட்டறாரு. கீழ்வீட்டம்மா என் மருந்துச் சீட்டைப் பிடுங்கி, இது காலைல, இது சாயங்காலம்னு ஜாடை பண்ணிச் சொல்றாங்க. நான் ஹெட்கிளார்க் சார்.”

“தெரியும் சார்.”

“இப்ப எப்படி நம்பினீங்க?”

“நானே படிச்சுப் பாத்தேன்.”

“அப்ப உங்க வீட்டுக்காரங்க என்னத்தைப் படிச்சாங்க?” என்றார். துணி, மாத்திரை, நடை எல்லாவற்றையும் சொன்னேன். பதினோராவது பயணத்தையும் சொன்னேன். அவர் அடுப்பில் டீ வைத்தார். ஓட்டை வழியாக ஒரு டம்ளரை நீட்டினார். “எனக்கு அப்படிப் படிச்சுச் சொல்ல ஆள் இருந்தா, நான் ஏன் சார் எதையும் சரியாப் படிக்கப் போறேன்” என்றார். இப்போது நாலு மணி டீ ஓட்டை வழியாகத்தான் நடக்கிறது. பிளம்பர் வராவிட்டாலும் ஒன்றும் அவசரமில்லை.

ஆகவே கேப்டன், நீ கவலை இல்லாமல் இரு. மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து கண்ணாடியிடம் காட்டிவிடுகிறேன். துணி மடிந்திருக்கிறது. ஒரு வருஷம் என்பது என்ன, முப்பத்தொரு வருஷம் யாரும் பேசாமலே எனக்கு ஓடிவிட்டதே. உன் அக்கா நல்லபடி எழுந்து நடக்கட்டும், அதற்குப் பிறகும் பயமாக இருந்தால் இன்னும் ஒரு வருஷம் கூட இரு. நான் ரொம்பச் சௌகரியமாக இருக்கிறேன். அங்கே வர வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

பையனிடம் போனில் பேசினால், அவன் துண்டுகளை ஒட்டிய பசை நல்ல பசை, ஒன்று கூட உரியவில்லை என்று சொல். உன் அக்காவுக்கு லிப்ட்காரரின் வணக்கத்தைச் சொல்; எலும்பு சீக்கிரம் கூடி, எந்தப் படியும் அவளுக்கு இனி சிரமம் தராமல் இருக்கட்டும். வயதில் நாலு வருஷம் இளையவள் என்பதால் உனக்கு என் ஆசீர்வாதம். பதவியில் பெரியவள் என்பதால் என் சல்யூட்.

இப்படிக்கு,
உன் உத்தரவுப்படி இன்னும் தூங்கி எழுந்துகொண்டிருக்கும்
மெக்கானிக்

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே இருப்பதைத் தாளில் இருக்கிறபடி படித்துவிடாதே. சீட்டைப் படிப்பாயே, அந்த மாதிரி படி. படித்து முடித்ததும் உன் அக்கா வீட்டு மேஜையை அளந்து போனில் சொல். பலகைக்கு நாலு சாண் வேண்டும், சாப்பிட மீதி இருந்தால் போதும். காய்கள் நின்ற இடத்தை எல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பெட்டியைக் கட்டிவிட்டேன். வீட்டுச் சாவியை ஓட்டை வழியாகக் கொடுத்தாயிற்று. சிவப்புக் காயைப் பையிலிருந்து பிரித்துத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் அக்கா வீடு நாலாவது மாடி, லிப்ட் இருக்கிறது என்று சொன்னாய். அதில் எனக்கு இடமில்லை என்று அவள் சொன்னால், அது நியாயம்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, படியேறியே வருகிறேன்.